பன்னிரண்டு செல்வின்கள்

நீலக்கோடு பாதி வழியில் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. நிற்கவில்லை, உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பதால் அப்படித் தெரிகிறது என்று எப்சிபா தனக்குத் தானே சொல்லிக்கொண்டு திரையிலிருந்து கண்ணைத் திருப்பினாள். திருப்பி எங்கே பார்ப்பது. விருகம்பாக்கத்துப் பழைய வீட்டு மாடியில் இருந்த அந்த ஸ்டூடியோவுக்கு ஜன்னல் கிடையாது, வெளியே வெயிலா மழையா என்று யாராவது வந்து சொன்னால்தான் உண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முபாரக் மைக்கை ஒரு விரற்கடை தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தான். அவனுடைய வாய் எதையோ முணுமுணுக்கிறது, சத்தம் இந்தப் பக்கம் வராது, மீன் தொட்டிக்குள் ஒரு சவுண்ட் இன்ஜினீயர். அந்தக் கோடு நகர நகரக் கம்ப்யூட்டருக்குள் டிரம்பெட் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது. வெளியாட்கள் யாரிடம் சொன்னாலும் ஓ, மெஷினே ஊதுமா என்பார்கள். மெஷின் எங்கே ஊதுகிறது. ஒரு மனுஷனை உட்காரவைத்து ஒவ்வொரு ஸ்வரமாக ஊதச் சொல்லிப் பதிவு செய்து, கீபோர்டின் ஒவ்வொரு கட்டைக்கும் ஒன்றாக வைத்துவிடுவது. அவ்வளவுதான், ஆனால் அவ்வளவும்தான். மெதுவாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, ஓங்கி ஒன்று. அதிலும் ஒவ்வொன்றையும் நாலைந்து தடவை ஊதச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே பதிவு திரும்பத் திரும்ப வந்தால் காது கண்டுபிடித்துவிடும், கல்யாண வீட்டில் ஒரே ஆள் ரெண்டு பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் கண்டுபிடிப்பதுபோல. இப்போது ஏறிக்கொண்டிருந்த டிரம்பெட்டை அவளேதான் செய்தாள். ஊதின மனுஷன் அவள் புருஷன். இன்றைக்கு மத்தியானம் அவன் வருகிறான், வந்து தன்னோடு தானே சேர்ந்து வாசிக்கப் போகிறான், அதை அவள் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

சொல்ல முடியாதபடி ஒன்றும் இல்லை. காலையிலேயே சொல்லியிருக்கலாம், தோசை வார்க்கும்போது, அல்லது நேற்று, அல்லது இந்தப் படத்து வேலை வந்த அன்றைக்கே. வாய் வரைக்கும் வந்து வந்து போனது. அயனாவரத்து வீட்டில் போன கோடைக்கு முந்தின கோடை முழுக்க அவர்கள் படுக்கையறைச் சுவரில் கம்பளியும் ஜமுக்காளமும் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஃபேன் போடக்கூடாது, போட்டால் அதுவும் பதிவாகும். நீலக் கட்டம் போட்ட லுங்கியோடு செல்வின் கட்டில் நுனியில் உட்கார்ந்து வேர்த்துக்கொட்ட ஊதுவான். கம்பளி வாசனையும் வால்வு எண்ணெய் வாசனையும் அவன் வேர்வையும் சேர்ந்து அந்த அறைக்கென்று ஒரு வாசனை வந்துவிட்டது, இன்றைக்கும் ஹெட்போனை மாட்டி முதல் கட்டையை அழுத்தினால் மூக்குக்கு அது வந்துவிடுகிறது. ஒரு பாட்டாவது ஊத விடேன் எப்சி, இது என்ன அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒத்தை ஒத்தையாக, என்று அலுத்துக்கொள்வான். அவனால் ஒற்றை ஸ்வரத்தோடு நிற்கவே முடியாது, அடுத்ததற்கு நழுவிவிடுவான், அவள் கையைத் தூக்குவாள், அவன் சிரிப்பான், அந்தச் சிரிப்பும் பதிவாகும், மறுபடி முதலிலிருந்து. அவன் தூங்கின பிறகு அவள் உட்கார்ந்து வெட்டுவாள். என்ன வெட்டினாள். மூச்சை. ஊதுவதற்கு முன்னால் அவன் இழுக்கிற மூச்சு ஒவ்வொரு ஸ்வரத்துக்கு முன்னாலும் இருந்தது. அதை விட்டுவைத்தால் விரல் கட்டையில் பட்டபிறகும் சத்தம் வரத் தாமதமாகும், ஆகவே வெட்டித்தான் ஆகவேண்டும், இந்த வேலை செய்கிற எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். மவுஸால் பிடித்து, வெட்டி, குப்பைக் கூடையில் போட்டு, கூடையைக் காலி பண்ணி. ஒரு கோடை முழுக்க அவனுடைய மூச்சை வெட்டி வெட்டிப் போட்டாள். அடுத்த மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்து நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டது. ரெண்டுக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தமே இல்லை என்று அவளுக்கும் தெரியும், படித்தவள், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போய்விட்டு வந்து சனிப்பெயர்ச்சி பார்க்கிற ஆள் இல்லை. இருந்தாலும் அந்த நினைப்பு போகமாட்டேன் என்கிறது, பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி, நாக்கு அங்கேயே போய்ப் போய் நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் விலாவுக்கு நடுவே குழாய் போட்டிருந்தார்கள். அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தாள், இழுப்பது, நிற்பது, விடுவது. ஒன்றை இழுத்தபிறகு அடுத்தது வருமா என்று காத்திருக்கிற இடம் இருக்கிறதே, அந்த இடத்தில் அவளுடைய மூச்சும் நின்று நின்று வந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது மூச்சுப் பயிற்சிக்கென்று மூன்று பந்து வைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார்கள். குழாயில் வாய் வைத்து இழுத்தால் பந்து மேலே ஏறும், முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று. பார்ப்பதற்குக் குழந்தை விளையாட்டுச் சாமான். கல்யாண வரவேற்புக்கு வாசித்தால் மண்டபத்துக் கடைசி வரிசை திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஊதினவன், அந்த ஒற்றைப் பந்தைத் தூக்க முகம் சிவந்துபோனான். அவள் சமையல்கட்டுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள், பாத்திரம் எதுவும் கழுவவில்லை. பிறகு இரண்டாவது பந்து ஏறியது. ஏறி நின்றது. மூன்றாவது மட்டும் குதித்துக் குதித்து விழுந்தது. போன மாதம் டாக்டர் வாசிக்கலாம் என்று சொன்னார், சொன்னபோது அவர் செல்வினைப் பார்க்கவில்லை, ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொன்னார். வீட்டில் ஊதிப் பார்க்கிறான், ஆனால் அவள் கடைக்குப் போகும்போதுதான் ஊதுகிறான், திரும்பி வந்து படியேறும்போதே சத்தம் நின்றுவிடும். அந்த டப்பா இப்போது ஃப்ரிட்ஜுக்கு மேலே இருக்கிறது. மூன்றாவது பந்து மேலேயே நிற்பதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. இன்றைக்குக் காலையில் அவன் டிரம்பெட்டில் வாய் வைக்கிற மவுத்பீஸை வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், அவளிடம் இல்லாமல் அந்தத் துணியிடம் சொல்கிற மாதிரிச் சொன்னான்.

"இன்னைக்கு வாசிப்பு வரலைன்னா ஊதுறதையே விட்டுருதேன் எப்சி. நீ ஒண்ணும் சொல்லக்கூடாது."

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். கருகிவிட்டிருந்தது.

கோடு முடிந்துவிட்டது. எப்போது முடிந்ததோ, திரையில் டிரம்பெட் படம் வந்து தயாராக நின்றது. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, படத்து வேலையைத் திறந்து, இசை சேர்க்க வேண்டிய காட்சியை ஓடவிட்டாள். வெகுநாள் கழித்துப் படகில் ஊர் திரும்புகிற ஒருவன் தூரத்துக் கரையைப் பார்க்கிறான், அவ்வளவுதான் காட்சி, பேச்சே கிடையாது. அவன் கால் மணலில் படுகிறவரைக்கும் அறுபடாமல் ஏறிக்கொண்டே போகிற மாதிரி ஒரு வரி வேண்டும் என்று இசையமைப்பாளர் நிரஞ்சன் கேட்டார். அவள்தான் கீபோர்டில் வாசித்துக் காட்டினாள். ஒரே ஒரு செல்வினை எடுத்து, அடுத்த கட்டையின் ஸ்வரத்தைக் கொஞ்சம் இறக்கி இரண்டாவது ஆளாக்கி, சுருதியை ஒரு மயிரிழை விலக்கி மூன்றாவது ஆளாக்கி, அப்படியே பன்னிரண்டு பேரை உண்டாக்கினாள். கேட்டால் பன்னிரண்டு பேர் நிற்கிற மாதிரியே இருக்கும். டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று நிரஞ்சன் போனில் சொன்னார், சொல்லிவிட்டு, பன்னிரண்டு பொய்க்கு மேலே ஒரு நிஜத்தை வைத்துவிடுங்கள், அப்புறம் எல்லாமே நிஜமாகத் தெரியும், சரியாக வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், இருக்கிறதே போதும் என்றார். நல்ல மனிதர், நல்லபடியாகத்தான் சொன்னார். இருக்கிறதே போதும். எது இருக்கிறது, எது போதும். செல்வின் பெயரை அவள்தான் சொன்னாள். சொல்லி முடிக்கும்போதே ஏன் சொன்னோம் என்று இருந்தது, சொல்லாமல் விட்டிருந்தால் அதைவிட மோசமாக இருந்திருக்கும். இப்போது ஹெட்போனுக்குள் படகு அசைந்தது, பன்னிரண்டு பேரும் தாழத் தொடங்கி ஏறினார்கள், அவளும் வாய் மூடியபடி கூடவே மெல்ல முனகிக்கொண்டு போனாள், படகில் இருப்பவன் முகம் திரும்புகிற இடத்தில் நெஞ்சு அடைத்தது. பயம் என்று நினைத்தாள். மறுபடி ஓடவிட்டாள். மறுபடி அதே இடம், அதே அடைப்பு, கண்ணில் பூச்சி பறந்தது. மூன்றாம் தடவைதான் அவளுக்கு உறைத்தது. இது பயம் இல்லை. மூச்சு வாங்க இடம் இல்லை. அந்த வரி முழுக்க, முதலிலிருந்து மணலில் கால் படுகிறவரைக்கும், நகக்கண் அளவுக்கு இடைவெளி கிடையாது. விரலால் எழுதினது அல்லவா. விரலுக்கு எங்கே மூச்சு வாங்குகிறது. கட்டையை அழுத்திப் பிடித்தால் பிடித்தபடி பன்னிரண்டு செல்வின்களும் ஊதிக்கொண்டே இருப்பார்கள், அவள் கையை எடுக்கிறவரைக்கும், ஒருத்தனுக்கும் முகம் சிவக்காது. டிரம்பெட்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் இது தெரியாமல் போயிற்று. நல்ல திடத்தோடு இருக்கிறவனே இதை ஒரே இழுப்பில் வாசிக்க முடியாது. இதைப் போய் அவனுக்கு.

மாற்ற முடியாது. படத்தை அந்த நீளத்துக்கு வெட்டி முடித்தாயிற்று. வேண்டுமானால் இரண்டு துண்டாக ஊதவைத்து ஒட்டலாம், முபாரக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவான், எல்லாரும் செய்வதுதான், செல்வினே எத்தனையோ தடவை அப்படி வாசித்திருக்கிறான். ஆனால் இன்றைக்கு அதைச் சொன்னால் தனக்காகத்தான் சொல்கிறாள் என்று நினைப்பான், நினைப்பது சரியாகவும் இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அவன் டிரம்பெட் பெட்டியை அவள் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனதற்கு ஒரு நாள் பேசாமல் இருந்தவன். இன்றைக்கும் கூடவே ஆட்டோவில் வா என்றால் இல்லை, நான் பஸ்ஸில் வருகிறேன் என்றான். அவள் அச்செடுத்த இசைத்தாளை எடுத்து மேஜையில் வைத்தாள், பக்கத்தில் பென்சில். வரிக்கு மேலே ஒரு சின்னக் காற்புள்ளி போட்டால் போதும், இங்கே மூச்சு வாங்கிக்கொள் என்று அர்த்தம். முகம் திரும்புகிற இடத்துக்கு முன்னால் ஒன்று. அதற்கும் முன்னால் ஒன்று. பென்சில் முனை தாளுக்கு மேலேயே நின்றது. ஊதுகிறவர்கள் அந்தக் குறியைத் தாங்களேதான் போட்டுக்கொள்வார்கள், ஒருத்தர் தாளில் இன்னொருத்தர் போடுவது வழக்கமில்லை, அடுத்தவர் தட்டில் உப்பை எடுத்து வைக்கிற மாதிரி. வைத்தால் என்ன, உப்பில்லாமல் சாப்பிடுகிறானே. வைத்தால் அவன் ஒன்றும் சொல்லமாட்டான், அழித்துவிட்டு மூச்சு வாங்காமலே ஊதுவான், அங்கேதான் பயம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முபாரக் வெளியே போய்விட்டிருந்தான், மைக் மட்டும் நின்றது. அவள் நினைப்பில் அந்த அறையில் பன்னிரண்டு முக்காலி போட்டு, பன்னிரண்டு பேர், எல்லார் இடுப்பிலும் அதே நீலக் கட்டம் போட்ட லுங்கி, எல்லாரும் போன கோடைக்கு முந்தின கோடையின் செல்வின், நல்ல தோள், நல்ல கன்னம். யாரும் வேர்க்கவில்லை. யாரும் தண்ணீர் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட இவர்கள்தான் வரிசையாக உட்கார்ந்திருந்தார்களோ என்னவோ, உள்ளே ஒருத்தன் குழாயோடு கிடக்கும்போது, எங்களுக்கு ஒன்றும் இல்லை என்கிற முகத்தோடு. அவர்களை அவளுக்குப் பிடிக்கவில்லை. அவர்கள்மேல் கோபம் வந்தது, தான் பெற்ற பிள்ளைகளே வீட்டுக்காரனை எதிர்த்துப் பேசினால் வருமே அந்தக் கோபம். பென்சிலைக் கொண்டுபோய் அந்த அறையில் மைக்குக்குப் பக்கத்தில் தாள் வைக்கிற ஸ்டாண்டிலேயே வைத்தாள். தாளில் ஒன்றும் போடவில்லை. போட்டிருக்கலாமோ என்று கதவைச் சாத்தும்போதே தோன்றியது.

அவன் வந்துவிட்டான். வெளியே மழை போலிருக்கிறது, தலை நனைந்திருந்தது, பெட்டி நனையவில்லை. படியேறி வந்தவன் நேரே உள்ளே வராமல் வாசலிலேயே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான். அந்த வாரில் சரிசெய்ய ஒன்றும் இல்லை. வெகுநேரம் சரிசெய்தான். அவள் அதைப் பார்க்காதவள்போல கீபோர்டைத் துடைத்தாள், துடைக்க அதிலும் ஒன்றும் இல்லை. முபாரக் டீ சொல்லட்டுமா அண்ணே என்று கேட்டதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கையைக் காட்டிவிட்டு, உள்ளே போய், ஹெட்போனை மாட்டி, முதலில் போடு, கேட்கிறேன் என்றான். முபாரக் போட்டான். கண்ணாடி வழியாக எப்சிபா அவன் முகத்தையே பார்த்தாள். படகு அசைந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஏதோ ஒரு ஸ்வரத்தில் புருவம் ஏறியது, அவளுக்குத் தெரியும் எது என்று. அந்தக் கோடையில் இரண்டாவது வால்வு டக்கென்று ஒரு சத்தம் போடும், எவ்வளவு வெட்டியும் அது முழுக்கப் போகவில்லை. பிடித்துவிட்டான். தன் டிரம்பெட்தான் என்று தெரிந்துவிட்டது அவனுக்கு. வரி முடிந்து மணலில் கால் பட்டது, அவன் ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளினான், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளைப் பார்த்தான். செல்லம் வரும்போது அவன் பேச்சில் பாளையங்கோட்டை இன்னும் தூக்கலாக வந்துவிடும்.

"ஏளா, இவன் மூச்சே விடமாட்டாம் போலுக்கே."

"அது நீங்கதான்," என்றாள். பேசுகிற பொத்தானை அழுத்தாமலே சொல்லிவிட்டாள், அவனுக்குக் கேட்டிருக்காது. அவனுக்குக் கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. டிரம்பெட்டை எடுத்து உதட்டில் வைத்தான்.

முதல் தடவை அவன் மூச்சு விடாமல்தான் போனான். அவளுக்குத் தெரிந்த மாதிரியே. தாழ இருந்தபோது நன்றாக இருந்தது, நன்றாக என்றால் அவள் மறந்தேபோயிருந்த அளவுக்கு நன்றாக, பன்னிரண்டு பேருக்கு நடுவே அந்தப் பதின்மூன்றாவது சத்தம் மட்டும் சூடாக இருந்தது. ஏற ஏற அது மெலிந்தது. முகம் திரும்புகிற இடத்தில் சத்தம் இழையாகி, இழை நடுங்கி, அறுந்தது. பன்னிரண்டு பேரும் நிற்கவில்லை, அவர்கள் பாட்டுக்குக் கரைவரைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அவன் டிரம்பெட்டை இறக்கிவிட்டு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றான், தோள் ஏறி ஏறி இறங்கியது. துணியிடம் சொன்னதை இப்போது நம்மிடம் சொல்லப் போகிறான் என்று அவள் காத்திருந்தாள், இழுத்ததற்கும் விடுவதற்கும் நடுவே இருக்கிற அந்த இடத்தில், ஆஸ்பத்திரி ஸ்டூலில், ஃப்ரிட்ஜுக்கு மேலே பந்து குதித்து விழுகிற சத்தத்தில், கம்பளி வாசனையில். செல்வின் ஒரு விரலைத் தூக்கினான். இன்னொன்று. படகு மறுபடி அசைந்தது. இந்தத் தடவை அவன் கண்ணை மூடவில்லை. ஏறினான், ஏறினான், முகம் திரும்பப் போகிறது, திரும்புகிறது, அதற்குச் சற்று முன்னால், யாரும் மூச்சு வாங்க மாட்டார்கள் என்று நினைக்கிற இடத்தில், சரியாக உச்சிக்கு ஒரு படி கீழே, வாயை எடுத்து மூச்சை இழுத்தான். நல்ல சத்தமாக. வெட்கமில்லாமல். பன்னிரண்டு பேரும் கேட்காமல் ஊதிக்கொண்டிருக்க, அவன் அந்த மூச்சோடு உச்சியில் போய் ஏறி, கரையில் கால் படுகிறவரைக்கும் நின்றான். முடிந்ததும் யாரையும் பார்க்கவில்லை, டிரம்பெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சூப்பர்க்கா," என்றான் முபாரக். கை பழக்கத்தில் மவுஸுக்குப் போனது. "அந்த மூச்சை மட்டும் எடுத்துடவா?"

எடுத்துவிடவா. திரையில் அது ஒரு சின்ன மங்கலான மேடாக இருந்தது, இரண்டு பெரிய மலைக்கு நடுவே. எத்தனை மேடு இந்த மாதிரி, ஒரு கோடை முழுக்க. அவள் கை அவனுக்கு முன்னால் போய் மவுஸை வாங்கிக்கொண்டது. வேண்டாம், அது இருக்கட்டும் என்றாள். கீழே பன்னிரண்டு வரிசையும் அறுபடாமல் நீளமாகக் கிடந்தன, ஒன்றன் கீழ் ஒன்று. செல்வின் மூச்சு எங்கே தொடங்குகிறதோ அங்கே முதல் வரிசையை வெட்டினாள், எங்கே முடிகிறதோ அங்கே வெட்டினாள், நடுவில் இருந்ததை எடுத்துப் போட்டாள். இரண்டாவது. மூன்றாவது. நிரஞ்சன் என்ன சொல்வார், டைரக்டர் கண்ணைத் துடைத்தது இதற்காக இல்லையே, சொல்லட்டும், வந்து சொல்லட்டும். ஒவ்வொரு ஆளாக வெட்டிக்கொண்டே போனாள், கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது, கடைசி ஆளை வெட்டும்போது அவனைப் பார்த்தால்கூடப் பாவமாக இருந்தது, இத்தனை நாள் இவனுக்கும் ஒருத்தர்கூட மூச்சு கொடுக்கவில்லையே. முபாரக் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு பார்த்தான். பிறகு அவளே ஓடவிட்டாள், அவன் ஹெட்போனுக்கும் சேர்த்து. படகு அசைந்தது, பன்னிரண்டு பேரும் அவனும் ஏறினார்கள், உச்சிக்கு ஒரு படி கீழே எல்லாரும் சட்டென்று நின்றார்கள். அறையில் ஏசி சத்தம் மட்டும். அதற்குள் ஒரே ஒரு மூச்சு, பதின்மூன்று பேருக்குமாக. பிறகு எல்லாரும் சேர்ந்து மேலே. எப்சிபாவுக்கு அந்த இடத்தில் நெஞ்சு அடைக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வின் ஹெட்போனைக் கழற்றவில்லை. டிரம்பெட்டைப் பெட்டியில் வைக்கப் போகிறானா என்று அவள் அவன் கையையே பார்த்தாள். அந்தக் கை ஸ்டாண்டுக்குப் போனது, பென்சிலை எடுத்தது, தாளில் வரிக்கு மேலே, உச்சிக்கு ஒரு படி முன்னால், ஒரு காற்புள்ளியைப் போட்டது. போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்து, போதாது என்று இன்னும் கொஞ்சம் அழுத்திப் போட்டான்.

"இன்னொருக்கா போவோம் எப்சி," என்றான். "இப்பம் எல்லாரும் சேந்தே வாங்கிக்கிடலாம்."

அவள் பதிவு செய்கிற சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.